பலகை அறுக்கும் முன் அறையை அளக்கச் சொல்வது ஏன்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஹார்ன் பெட்டி (கூம்பு போல விரியும் வாய் வழியாக ஒலியை வெளியே விடும் ஸ்பீக்கர் பெட்டி) செய்யப் பலகை அறுத்துக் கேட்டு வருகிறவர்களிடம், அறையின் நீள அகலம் என்ன, மூலை காலியாக இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறோம். பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்க வந்தால் வீடு பார்க்க வந்தவர் போலக் கேட்கிறீர்களே என்கிறார்கள். காரணத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

ஹார்னின் வாய் சிறுத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வராது. இதில் பேரமே கிடையாது. வெட்டவெளியில் வைக்கும் வட்ட ஹார்னில், வாயின் சுற்றளவு அது தரவேண்டிய மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்றால் அலைநீளம் 86 செ.மீ.; வாயின் விட்டம் 27 செ.மீ. பெட்டியின் தலைமேலேயே உட்காரும். 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றாலோ அலைநீளம் 8.6 மீட்டர், விட்டம் 2.7 மீட்டர், வாயின் பரப்பு ஏறக்குறைய 63 சதுர அடி. திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஊர் எல்லைவரை கேட்டாலும் தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போவது இதனால்தான். அதைக் குறை சொல்லவில்லை. பேச்சுக்கென்றே செய்த குழாய் அது.

வீட்டில் இதற்கு வழிவிடுவது மூலைதான். தரையும் இரண்டு சுவர்களும் கூடும் இடத்தில் வைத்தால், ஒலி பரவும் வெளி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். தேவையான வாயின் பரப்பும் அதே விகிதத்தில் சுருங்கும். 63 சதுர அடி 8 ஆகிவிடும். அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற ஊரில் 1946-இல் தொழில் தொடங்கிய பால் கிளிப்ஷ், தம் கிளிப்ஷார்னில் செய்தது இதைத்தான். நீளக் குழாயைப் பெட்டிக்குள் மடித்தார். அதன் கடைசிப் பகுதிக்கு வீட்டுச் சுவரையே ஹார்னாக்கினார். பேஸுக்கு உள்ளே இருப்பது ஒரே ஒரு 15 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்). கிளிப்ஷார்னின் சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி வரும் சத்தம், 105 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. 87 டெசிபல் தரும் சின்னப் பெட்டிக்கும் இதற்கும் 18 டெசிபல் இடைவெளி. அதாவது கிளிப்ஷார்ன் 1 வாட்டில் தரும் சத்தத்தைத் தரச் சின்னப் பெட்டிக்கு 60 வாட்டுக்கு மேல் வேண்டும். எட்டு வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப் (ஆம்பிளிஃபயர்) வைத்திருப்பவர்கள் ஹார்னைத் தேடி வருவது சும்மா அல்ல.

மூலையில் கதவோ ஜன்னலோ இருந்தால் பேஸ் ஹார்னுக்கு நாங்கள் பலகை அறுப்பதில்லை. 15 அங்குல ஊஃபரை சாதாரண ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் (காற்றுத் துளை வைத்த பெட்டி) போட்டு, 800 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் ஹார்னை வையுங்கள் என்போம். எங்களுக்கு வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஏற்கெனவே ஹார்ன் வைத்திருந்து "அப்கிரேட்" கேட்பவர்களுக்கு: யூனிட்டை (ஹார்னுக்குப் பின்னால் ஒலி எழுப்பும் பகுதி) மாற்றுவது கடைசி வேலை. முதலில் காற்றுக் கசிவு. பெட்டிக்குள் ஊஃபருக்குப் பின்னால் உள்ள அடைப்பு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். தாழ்ந்த டோன் ஒன்றை ஓடவிட்டு, மூட்டுகளின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை துடிக்கும் இடத்தில் சிலிக்கோன் பசை வையுங்கள். மூலைப் பெட்டியானால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்தில் ஃபோம் வைத்து அடையுங்கள். இந்தச் செலவில் வரும் பேஸ் வேறெந்தச் செலவிலும் வராது. உலோக ஹார்னை விரலால் தட்டினால் மணியோசை வருகிறதா? கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமன் ஷீட்டை வெளிப்புறம் ஒட்டினால் அடங்கும். உட்புறத்தைத் தொட வேண்டாம்.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ஹார்னுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதாக ஆக மதிப்பு மாறும், உள்தடை ஏறும். அவற்றை எடுத்துவிட்டு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டதும் மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கலாகக் கேட்கலாம். பயந்து ஹார்னைக் கழற்றாதீர்கள். ஹார்ன் என்றாலே காதைக் கிழிக்கும் என்ற பேச்சுக்கு, எங்கள் அனுபவத்தில், பாதிக் காரணம் லெவல் பொருத்தாததுதான். சென்சிடிவிட்டி ஊஃபருக்கு 96, ஹார்னுக்கு 108 என்றால் ஹார்னில் 12 டெசிபல் குறைத்தாக வேண்டும். 8 ஓம் யூனிட்டுக்குத் தொடராக 6 ஓம், யூனிட்டுக்கு இணையாக 2.7 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டால் போதும்.

ஆக்டிவ் கிராஸ்ஓவருக்கு (ஆம்புக்கு முன்னாலேயே ஒலியைப் பிரிப்பது) மாறி ஆம்பை நேராக யூனிட்டில் இணைப்பவர்கள் கவனிக்கவும். ஆன் செய்யும்போது வரும் ஒரு "டொப்" டயாப்ரத்தை (யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடு) முடித்துவிடும். 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் பிரிக்கிறீர்கள் என்றால் 8 ஓம் யூனிட்டோடு தொடராக 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம். வீண் செலவு என்று இதை விட்டுவிடாதீர்கள்.

பலகை விஷயம் சுருக்கமாக: ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களுக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தருவதில்லை, ஓரம் உப்பிவிடும். ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட்தான். எட்டுக்கு நாலு ஷீட்டில் வீணாகாமல் வெட்ட நாங்களே படம் போட்டுத் தருவோம்.

டயாப்ரம் மாற்ற வருகிறவர்கள் படம் எடுத்து அனுப்பாமல் யூனிட்டையே கொண்டு வாருங்கள். திருகு மரையா, போல்ட் ஃபிளாஞ்சா, 8 ஓமா 16 ஓமா என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வரும்போது அறையின் அளவையும் ஒரு தாளில் குறித்து வந்தால் அன்றே அறுத்துத் தந்துவிடலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து