ராத்திரி ஓடும் மனசு

அன்புள்ள சரோ,

பதில் போடாததற்குத் திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சௌக்கியம். பங்கஜம் மறுபடி வீடு மாற்றியாச்சு, வேறென்ன.

ஸ்லோகம் சொன்னாலும் ராத்திரி மனசு அடங்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குச் சட்டென்று சென்னை வசந்த விஹார்தான் ஞாபகம் வந்தது. 1986 ஜனவரி, மரத்தடியில் தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சு, அவருக்குத் தொண்ணூறு வயசு. ஜனவரி 4-ம் தேதி பேசியதுதான் அவருடைய கடைசிப் பொதுப்பேச்சு என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. பிப்ரவரியில் அமெரிக்காவில் ஓஹாயில் காலமாகிவிட்டார். "வழி ஒண்ணுமே சொல்லலையே" என்று கிரீன்வேஸ் சாலை முழுக்கப் பொருமிக்கொண்டு வந்தாயே! தன்னை ஜகத்குருவாக்கக் கட்டிய சங்கத்தை 1929-லேயே கலைத்தவரிடம் வழி கேட்டால் கிடைக்குமாடீ?

மனசை அடக்காமல், மாற்றாமல் சும்மா பார் என்றார். 'அடங்கு' என்று அதட்டுவதும் அதே மனசுதானே. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போன வாரம் டொரான்டோவிலிருந்து பையன் ஃபோன் வரவில்லை. அங்கே பனி. கார் சறுக்கியிருக்குமோ, ஆஸ்பத்திரியோ என்று ஆரம்பித்தது. எதுவும் செய்யாமல் படுத்தபடியே கவனித்தேன். முதலில் வருவது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, சரோ. காரும் பனியும் அப்புறம்தான். பிடிப்புக்குத் தோதாக மனசு கதை தேடிக்கொள்கிறது! இன்னும் பார்த்தால் கதையில் அவனையே காணோம். என்னை மறந்துட்டானே, நான் இனி யாருக்கும் வேண்டாதவளா என்று எல்லாம் என்னைப் பற்றித்தான். பாசம் என்று இத்தனை வருஷம் நினைத்ததில் எவ்வளவு பயம் கலந்திருக்கிறது! கூசிப்போனது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று மனசு நழுவப் பார்த்தது, அதையும் பார்த்தேன். தூக்கம் என்னவோ வரவில்லை. ஆனால் மறுநாள் அவன் கூப்பிட்டபோது, "ஏண்டா பண்ணலை" என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அவன் ஆபீஸ் கஷ்டத்தை முழுசாகக் கேட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒப்பவில்லை. முறை எதுவுமே வேண்டாம் என்கிறார்; உன் ஸ்லோகத்தை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லு, எந்த அடியில் நழுவுகிறது, அப்போது உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பார்த்து எழுது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

உன்
கமலா