“மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர்”

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், எழுத்தறிவுத் தேர்வில் தேறியவர்களுக்குச் சான்றிதழ் வழங்கிய செய்தி படத்துடன் வந்திருந்தது. படத்தில் இடது ஓரமாக நிற்பவர் என்னிடம் படித்தவர். செய்தியின் கடைசி வரி: “சான்றிதழ் பெற்ற பெண்கள் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர்.” இந்த ஒரு வரி மூன்று நாளாக என்னை விடவில்லை. அவர் வீடு திரும்பவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராகக் கம்பெனிக்குப் போனார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மதியமும் போகாவிட்டால் அன்றைய சம்பளம் முழுவதும் போய்விடும்.

பனியன் கம்பெனியில் 11 வருடமாகப் பிசிர் நூல் வெட்டுகிறார். செக்கிங்குக்கு மாற வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே போனால் எந்த பீஸில் என்ன பழுது, எத்தனை பீஸ் ஒதுக்கினோம் என்று தாளில் எழுதித் தர வேண்டும். முதல் நாளே என்னிடம் சொன்னார்: “டீச்சர், கையெழுத்துப் போட எம் பையனே சொல்லிக் குடுத்துட்டான். எனக்கு ரிப்போர்ட் எழுதணும்.” எங்களுக்குத் தந்த புத்தகத்தில் அதெல்லாம் கிடையாது. அதனால் கம்பெனியில் தூக்கிப்போட்ட பழைய ரிப்போர்ட் தாளை அவரே கொண்டுவந்தார். ‘ஓட்டை’, ‘ஆயில் கறை’, ‘தையல் விட்டது’ என்ற சொற்களில்தான் அவருக்கு எழுத்துப் பிடிபட்டது. எஸ், எம், எல் எல்லாம் லேபிளைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, தேறிவிட்டார். அப்புறம் என்ன? சான்றிதழோடு அவரை ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். வயதைக் கேட்டார்கள், 47. கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் திறன் பயிற்சித் திட்டத்தில் வயது வரம்பு 35, பெண்களுக்கு 45 வரை தளர்வு. அதிலும் இடமில்லை. அடுத்து ஒரு தனியார் வேலைவாய்ப்பு முகாம். படிவத்தில் கல்வித் தகுதிக் கட்டம் எட்டாம் வகுப்பில்தான் தொடங்கியது. மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், “இது எந்த போர்டு சர்டிபிகேட், மேடம்?” அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கமே தேர்வு நடத்தி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று 150 மதிப்பெண்ணுக்குத் திருத்தி, முத்திரை போட்டுக் கொடுத்த தாள் அது. அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதை அந்த மேசைக்கு யாருமே சொல்லவில்லை.

நீங்கள் அறியாதது இல்லை. எங்கள் வகுப்பு நடப்பது 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில். அதில் ஐந்து பகுதிகள் உண்டு. அடிப்படை எழுத்தறிவு அவற்றில் ஒன்றுதான். தொழில் திறன் பயிற்சியும் அதே திட்டத்தின் இன்னொரு பகுதி. நான் வகுப்பு எடுத்த இரண்டு வருடத்தில் அந்தத் தொழில் பயிற்சியின் சார்பில் ஒருவரும் எங்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. தொழிலாளர்களுக்குக் கல்வியும் தொழிலும் சேர்த்துச் சொல்லித்தர 1967-இலேயே மும்பையில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் வழியில் வந்தவைதான் மக்கள் கல்வி நிறுவனங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புதிதாகக் கற்றவர்களுக்கும் என்றே ஏற்பட்டவை. 2018-இல் அவற்றைக் கல்வி அமைச்சகத்திலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். எழுத்து ஓர் அமைச்சகத்தில், தொழில் இன்னோர் அமைச்சகத்தில். நடுவில் பஸ்ஸுக்குக் காசு செலவழித்து அலைவது என் மாணவி.

இது முடியாத காரியம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எனக்கு 19 வயது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கல் உடைக்கும் பெண்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். லோடு கணக்கை அவர்களே எழுத வேண்டியிருந்தது. அதனால் கற்ற எழுத்து கையை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். வேலைக்கும் வகுப்புக்கும் போய்வர அது தேவைப்பட்டது. இப்போது என்னிடம் படித்துத் தேறிய இரண்டு பேர் ஆறே மாதத்தில் எழுத்தை மறந்துவிட்டார்கள். அவர்கள் செய்யும் வேலையில் எழுத ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பு மாலை ஆறு மணிக்கு. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வகுப்புக்கு வருகிற பெண் அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறாள். இந்தக் கணக்கை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு ஊதியம் இல்லை, தன்னார்வலர்கள்தான். அது எனக்குக் குறையில்லை. சம்பளத்தை இழந்து படித்தவளைச் சான்றிதழோடு அனுப்பிவிட்டு மகிழ்ச்சியாகப் போனாள் என்று எழுதுவதுதான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் நிருபர் மேல் எனக்குக் கோபமில்லை, விழாவில் சொன்னதை எழுதியிருப்பார். அடுத்த முறை போகும்போது, போன வருடம் தேறியவர்களில் எத்தனை பேர் வேறு வேலைக்கு மாறினார்கள் என்று மட்டும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே போடச் சொல்லுங்கள். அதிகாரிகளுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒருவரும் திறன் பயிற்சி மையத்திலிருந்து ஒருவரும் எங்கள் பள்ளிக்கு வந்து உட்காரட்டும். தேர்வு எழுதி வெளியே வருபவரிடம் என்ன வேலை தெரியும், எந்த வேலைக்குப் போக ஆசை என்று கேட்டு, பெயரை எழுதிக்கொள்ளட்டும். மேசை நாற்காலி பள்ளியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வ ஆசிரியை,
திருப்பூர் மாவட்டம்.