கோழிக்குஞ்சோடு கம்பிவலையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமப் பெண்களுக்கு அரசு மானியத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு தருவது நல்ல காரியம். கூடவே வேலிக்கும் வழி செய்தால்தான் அந்தக் குஞ்சு முட்டையிடும் பருவம்வரை தங்கும். எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் கோழியால் வரும் சண்டை கொஞ்சமல்ல. ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டு வெண்டைப் பாத்தியைக் கிளறிவிட்டால் போதும், இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோகும். அதற்குப் பயந்தே சிலர் கோழியை விற்றுவிடுகிறார்கள், சிலர் தோட்டமே போடுவதில்லை. ஒரே கொல்லையில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும், ஐயா.

எங்கள் கொல்லையில் நடுவே மேட்டுப்பாத்திகள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் மண் இது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை பெருகி வந்ததைக் கடலூர்க்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணை முழங்கால் உயரம் ஏற்றினால்தான் கத்தரியும் மிளகாயும் வேர் அழுகாமல் நிற்கும். அந்தப் பாத்திகளைச் சுற்றி நாலு பட்டி அடைத்திருக்கிறோம். கோழிகள் ஒரு பட்டியில் ஒரு வாரம் மேயும். பிறகு கூண்டை இரண்டு பேர் தூக்கி அடுத்த பட்டியில் வைத்துவிடுவோம். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடையை இடம் மாற்றிப் போடுவார்களே, அதே முறைதான். ஒவ்வொரு பட்டிக்கும் மூன்று வாரம் ஓய்வு கிடைக்கிறது.

இந்த ஓய்வைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரே இடத்தில் அடைத்துவைத்த கோழி புல்லை வேரோடு கிளறித் தீர்த்துவிடும். மழை பெய்தால் எச்சமும் சேறும் ஒன்றாகிவிடும். இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் பரவ அந்த ஈரமே போதும், முதலில் போவது குஞ்சுகள்தான். காலியான பட்டியில் கம்போ தட்டைப்பயறோ தூவிவிட்டால் கோழி திரும்பி வருவதற்குள் தழைந்திருக்கும். பாத்திக்குள் ஏறப் பார்க்கும் அறுகம்புல்லையும் கோழிகளே கட்டுப்படுத்திவிடுகின்றன. கூண்டைச் சுற்றிக் கரும்புச் சோகை பரப்புகிறோம். கோழி கிளறிய சோகையை எச்சத்தோடு வாரிக் குவித்து, நன்றாக மக்கிய பிறகே பாத்திக்குப் போடுகிறோம். பச்சை எச்சம் வேரைக் கருக்கிவிடும், கீரையில் படவே கூடாது.

வேலியைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். வேலிக்காலுக்குச் சவுக்குக் கம்பு, அது நம் மாவட்டத்தில் விளைவது. அடிமுனையைத் தீயில் கருக்கி நட்டால் கரையான் சீக்கிரம் ஏறாது. இடையிடையே கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றினால் மழையில் வேர்பிடித்து அதுவே கால் ஆகிவிடும். உயரம் ஆறடி வேண்டும். உச்சியில் குறுக்குக்கம்பு கட்டக் கூடாது, கட்டினால் நாட்டுக்கோழி அதில் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் குதித்துவிடும். கீழே இரண்டடிக்குக் கண் சிறுத்த கம்பிவலை கட்டி, அதன் அடியை வெளிப்பக்கம் மடக்கிப் புதைத்தால் நாயும் கீரியும் தோண்டி நுழைய முடியாது. துறைமுகத்துப் பழைய மீன்வலையைத் தயவுசெய்து மேல்பகுதிக்கு மட்டும் கட்டுங்கள். தரையோடு கட்டினால், எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கி உடல் அறுபட்டுச் சாகிறது. கண்கொண்டு பார்க்க முடியாது. தோட்டத்துப் பக்கமிருந்து பீர்க்கனும் அவரையும் வேலியில் ஏற்றினால் சித்திரை வெயிலில் கோழிகளுக்கு நிழலாகும்.

சவுக்கையும் கிளுவையையும் நாங்களே தேடிக்கொள்வோம். கம்பிவலை விலைதான் கைக்கு எட்டவில்லை. மானியத்தில் அதையும் சேர்க்க வேண்டும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் இப்படி ஒரு மாதிரிக் கொல்லை அமைத்தால் சுற்றுவட்டாரப் பெண்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழி வளர்க்கும் பெண்கள் எப்படியும் வருகிறார்கள். அங்கேயே ஒரு பட்டியை அடைத்துக் காட்டக் கால்நடை பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.