5 டன் தொழுவுரம் ‘போதும்’, சரி. யார் தருவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வேளாண் பக்கத்தில் மண்ணின் கரிமச் சத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாகத்தான் படித்தேன். கடைசிப் பத்தியில்தான் இடித்தது. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அடித்து, நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற தழையுரச் செடியை விதைத்து மடக்கி உழுதாலே போதுமாம். விவசாயிகளுக்கு இந்த விழிப்புணர்வு இல்லாததுதான் குறையாம். அந்தப் ‘போதும்’ தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

நான் மேலூர் பக்கம் பெரியாறு ஒருபோகப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவன். ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணி போடும். வருஷம் முழுக்கச் சிந்தாமல் சேர்த்தாலும் நாலு டன். அது மக்கிக் குப்பையாகும்போது பாதி நின்றால் அதிகம். ஆக ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடு, என் நிலத்துக்கு ஏழெட்டு. என் தொழுவத்தில் இருப்பது ஒரு பசுவும் அதன் கன்றும். உழவு மாடு ஜோடியை 2009-இல் நானேதான் விற்றேன். டிராக்டர் வந்த பிறகு சும்மா கட்டித் தீனி போட முடியவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

விலைக்கு வாங்கலாமே என்பீர்கள். போன சித்திரையில் கேட்டேன். ஒரு டிராக்டர் குப்பை 3,500 ரூபாய். இரண்டு டன் தேறாது, அதிலும் பாதி மண். வேண்டாமென்றால் விடுங்கள், மலையாளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு லாரி போகிறது என்று வியாபாரி கையை உதறிவிட்டுப் போய்விட்டார். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். அதே தழைச்சத்தைக் குப்பையில் கொண்டுவர 4 டன் அடிக்க வேண்டும். கணக்குத் தெரியாமலா யூரியா போடுகிறோம்? கணக்குத் தெரிந்துதான் போடுகிறோம்.

யூரியா பயிருக்குத்தான், மண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்த பேத்திக்குக் காட்ட, வரப்பு வேம்படியிலிருந்து ஒரு மண்கட்டியும் நடு வயலிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்துக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நடு வயல் கட்டி, காபியில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து, ஒரு நிமிஷத்தில் தண்ணீரே கலங்கிவிட்டது. வேம்படிக் கட்டி மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது. இலையும் வேரும் வருஷக்கணக்கில் மக்கி, மண்துகளைப் பசை போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. மழை விட்டதும் என் மானாவாரித் துண்டில் மேல்மண் ஓடு கட்டிக் கடலை முளை வெளியே வர முடியாமல் மடங்கிக் கிடப்பது ஏன் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்கிறீர்கள். சரி.

ஓர் ஏக்கரில் அரை அடி ஆழ மண் மட்டும் 900 டன் சொச்சம். கரிமம் 0.3 சதவீதத்திலிருந்து 0.5-க்கு ஏறவே 1.8 டன் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். அடிக்கிற குப்பையில் பாதிக்குமேல் ஈரம். மிச்சத்தில் பெரும்பகுதியை நம்ம ஊர்ச் சூட்டில் நுண்ணுயிர்கள் வருஷத்துக்குள் தின்று தீர்த்துவிடும். ஒரு வருஷம் அடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும் காரியமில்லை இது. தாங்கள் அறியாததல்ல. பிறகு எப்படி அந்தப் ‘போதும்’ அச்சேறியது?

அப்புறம் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். அதற்கு ஈரம் வேண்டாமா? வைகை அணை மட்டத்தைப் பார்த்து, முதலில் இருபோகப் பாசனத்து 45,041 ஏக்கருக்குக் கொடுத்து, பிறகு எங்களுக்கு அரசாணை வந்து எங்கள் மடையில் தண்ணீர் எட்டிப் பார்க்கப் புரட்டாசியோ ஐப்பசியோ ஆகிறது. வந்த தண்ணீரில் நாற்றங்கால் போடுவதா, பூண்டு விதைப்பதா? ஒன்றரை மாதத்தைத் தழைக்கு விட்டால் கதிர் தள்ளும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆடியில் நல்ல மழை பெய்த ஒரு வருஷம் விதைத்தேன். தொழியில் கால் வைத்தால் சேறு வெண்ணெய் மாதிரி இருந்தது. அந்த ஒரு வருஷம்தான்.

எங்களிடம் இருந்ததெல்லாம் போன கதையை யார் எழுதுவது? என் அப்பா காலத்தில் அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு பத்தி வருவார்கள். சாயங்காலம் வலை கட்டி வயலில் அடைப்பார்கள், அதுதான் கிடை. மறுநாள் வலை பக்கத்துச் செய்க்கு மாறும். புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பார்கள். கிடை போட்ட இடத்தில் நெல் கருகருவென்று நிற்கும். எந்த ராத்திரி வலை எங்கே இருந்தது என்று வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். இப்போது வழியெல்லாம் பிளாட் கல் ஊன்றியாகிவிட்டது. ஆடு எந்தப் பக்கம் நடக்கும்? புலிக்குளம் மாடும் கிடை மாடுதான். தை மாதம் வாடிவாசலில் அந்தக் காளைக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், மீதிப் பதினோரு மாதம் அதன் இனம் எந்த வயலில் சாணி போடுகிறது என்று ஒரு வரி வந்ததில்லை.

வைக்கோலும் போயிற்று. மெஷின் அறுத்துப்போட்டதைக் கட்டு கட்டும் மெஷின் சுருட்டிக் கொடுக்கிறது, லாரி தூக்கிக்கொண்டு போகிறது. நானும் விற்றேன். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மண்புழுவை நினைக்க முடியாது. கண்மாயில் படிந்த வண்டல் மண்ணான கரம்பையையாவது அடிக்கலாம் என்று சில வருஷம் முன்பு அலைந்தேன். எனக்கு அனுமதிச் சீட்டு வருவதற்குள் மழை வந்து கண்மாயே நிறைந்துவிட்டது. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-இல் மாற்றியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதே.

மண்வள அட்டையைப் பார்த்து உரமிடுங்கள் என்றும் கட்டுரை சொல்கிறது. 2015-இல் வந்த அந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி. எனக்குக் கரிமம் 0.32, குறைவு. வரப்புக்கு அந்தப் பக்கம் எப்படியாவது ஆளைப் பிடித்து வருஷம் தவறாமல் கிடை போடுகிறாரே, அவருக்கும் 0.32. அவர் அட்டையை நெல் மூட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கேட்பது சின்ன விஷயம்தான். தங்கள் சந்தை நிலவரத்தில் தினமும் மதுரை மல்லி விலை போடுகிறீர்கள், முழம் வாங்காதவர்கூடப் படிக்கிறார். அதற்குக் கீழே வாரம் ஒரு நாளாவது ஒரு டிராக்டர் குப்பை என்ன விலை, கிடைக்கு ராத்திரிக்கு என்ன கூலி என்று ஒரு வரி போடுங்கள். அடுத்து எழுதுகிறவர் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
மேலூர் பக்கத்து விவசாயி
(பெயரும் ஊரும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில்)

பி.கு.: கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படம் அழகாக இருந்தது. ஆனால் அது நெல் வயல் இல்லை, கோதுமை.