ஹீப் டெஸ்ட் பற்றி செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இது பிளஸ் டூ வருஷம்.

சரி, உன் ஹீப்புக்கு வருகிறேன், அதாவது எந்த எண்ணும் (பேரன்ட்) தன் கீழே உள்ளதைவிட (சைல்ட்) பெரிதாக இருக்கக் கூடாது என்று எண்களை அடுக்கும் அந்த லிஸ்டுக்கு. டெஸ்ட் விழும்போதெல்லாம் 'ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ' என்று மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். ஹீப்பைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றைத் தருகிறது, நீ அதை, ட்ரூ வராவிட்டால் டெஸ்டை விழவைக்கும் அசர்ட்ட்ரூவில் போடுகிறாய். வேறென்ன வரும்? எந்த இடத்தில் வரிசை கெட்டது என்பது அந்த ஃபங்ஷனுக்குத் தெரியும். தெரிந்ததை உன்னிடம் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதையே மாற்று. தப்பைக் கண்ட இடத்திலேயே விவரத்தோடு ஃபெயில் ஆகட்டும். இப்படி (புஷ் என்றால் ஹீப்பில் ஒரு எண்ணைச் சேர்ப்பது, இண்டெக்ஸ் என்றால் 0-இலிருந்து எண்ணும் இடம்): "புஷ் 4-க்குப் பின்: இண்டெக்ஸ் 2-இல் பேரன்ட் 6, இண்டெக்ஸ் 6-இல் சைல்ட் 4. முழு ஹீப்: [1, 2, 6, 3, 7, 8, 4]".

இதைப் பார்த்தாலே கடைசியாக வந்த 4 மேலே ஏறவில்லை என்று புரிகிறது. ஏன் ஏறவில்லை? பேரன்ட்டைக் கண்டுபிடிக்க இண்டெக்ஸில் 1-ஐக் கழித்துவிட்டு 2-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். கழிக்காமல் வகுத்தால் 6-க்கு 3 வரும். அங்கே இருப்பது 3, அது 4-ஐவிடச் சின்னது, அதனால் 4 அங்கேயே நின்றுவிட்டது. கழிக்காமல் வகுப்பது எண்ணிக்கையை 1-இலிருந்து தொடங்கும் ஹீப்பின் கணக்கு. இதில் இன்னொரு விஷயமும் உண்டு: வெறும் புஷ் மட்டும் செய்தால் ஆறு உறுப்பு வரை இந்தத் தப்பு தலைகாட்டவே காட்டாது. மூன்று நான்கு எண்களை வைத்து எழுதிய டெஸ்டெல்லாம் பாஸ் ஆகிவிடும்.

அப்புறம், ரேண்டம் எண்களை வைத்துச் சோதிக்கிறாய் அல்லவா? சீடையும் (அந்த எண்களை உருவாக்கும் தொடக்க எண்) அதுவரை நடந்த புஷ், பாப் (மிகச் சின்ன எண்ணை வெளியே எடுப்பது) வரிசையையும் செய்தியில் சேர்த்துவிடு. இல்லையென்றால் விழுந்த டெஸ்டை மறுபடி விழவைக்க முடியாது. இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் அசர்ட்ஈக்வலும் '3 != 4' என்றுதான் சொல்லும், எது வந்தது, எது வர வேண்டியது என்று சொல்லாது. மூன்றாவதாக ஒரு மெசேஜ் கொடுக்கலாம், அதில் இரண்டையும் பெயரிட்டு எழுது.

மாற்றிய பிறகு வரும் முதல் ஃபெயிலை அப்படியே எனக்கு அனுப்பு. உன் பாப்பிலும் ஏதோ இருக்கும் என்று தோன்றுகிறது, சேர்ந்து பார்ப்போம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா?

அன்புடன்,
குமார்