கடப்பாரை பிடித்தவரின் மகளுக்கு

அன்புள்ள பெரியத்தைக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். காது கேட்காத உங்களிடம் கத்திச் சொல்கிற விஷயமில்லை இது. பேத்தியை விட்டு நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காரிமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது பத்து வயது. பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்துப் பேச்சு வந்தது. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "உங்கப்பன் என்ன துப்பாக்கியா பிடிச்சான்? கடப்பாரைதானே பிடிச்சான். வெள்ளைக்காரனுக்கு ரோடு போட்டுக் கூலி வாங்கினவன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நீங்கள் பதில் பேசவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தீர்கள். பாயசம் அப்படியே இருந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை அத்தை. தாத்தா கடப்பாரைதான் பிடித்தார். ரோடுதான் போட்டார். இரண்டாம் உலகப் போரில் அந்த ரோடு எங்கே இருந்தது, அதைப் போடும்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்தப் பெரியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இரண்டு வருஷமாகத் தேடி அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்பா போன பிறகுதான் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. பெயர் இருந்த பக்கமே இல்லை. ஓரத்தில் ஒரு நம்பர் மட்டும் முழுசாகத் தப்பியிருந்தது. அதன் அருமை தெரியாமல், தாத்தா பெயரையும் ஊரையும் மட்டும் போட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். எட்டு மாதம் கழித்து, "விவரம் போதாது" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் தருமபுரியில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரைப் பார்த்தேன். அவர்தான் வழி சொன்னார். "பட்டாளத்துல நம்பர்தான் தம்பி பேரு. அதைப் போட்டு பெங்களூர்ல இருக்கிற பட்டாளத்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்க. தருமபுரி மாவட்டம்னு எழுதாதீங்க. அன்னைக்கு ஏது தருமபுரி மாவட்டம்? சேலம் ஜில்லான்னு போடுங்க" என்றார். நியாயம்தானே. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். தாத்தா சேர்ந்தபோது இரண்டுமே சேலம்.

பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது ராணுவ விதி. லாங் ரோல் என்கிற பெரிய பதிவேடு மட்டும் அழியாமல் இருக்கும். அதில் தாத்தாவுக்கு ஒரே ஒரு வரி. நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர், 1940-இல் சேர்ந்த நாள், 1946-இல் விலகிய நாள். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதத்தில் நமக்கே அடையாளம் தெரியாது. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பெயர் சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதும் அதனால்தான். நம் பக்கத்தில் பாலக்கோடு, ராயக்கோட்டை, ஊத்தங்கரை என்று எத்தனையோ வீடுகளின் பரணில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். கரையான் அந்த நம்பரைத் தின்பதற்கு முன்னால் யாராவது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

தாத்தா இருந்த படைக்கு முழுப் பெயர் குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். 1780-இல் தொடங்கிய, ராணுவத்தின் என்ஜினீயர் படை. சாப்பர் என்றால் அதன் சிப்பாய். இன்றைக்கு மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. தமிழன் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லி மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்த வெள்ளைக்காரன் இந்தப் படையை மட்டும் கைவிடவில்லை. கைவிட முடியாது. படை முன்னேற வேண்டுமானால் ஆற்றுக்குப் பாலம் போடுவது இவர்கள். பின்வாங்கினால் அதே பாலத்தைத் தகர்ப்பதும் இவர்கள். எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுத்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுவதும் இவர்கள்தான். படைக்குள் இவர்களுக்குச் செல்லப்பெயரே "தம்பி".

இனி அந்த போட்டோ. கெய்ரோவில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஆயா அதைச் சாமி படங்களோடு மாட்டியிருந்தார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று நெற்றியை விட்டுவிட்டு, சட்டைக் கையில் இருந்த பறவைக்குப் புரட்டாசி சனிக்கிழமைதோறும் குங்குமம் வைப்பார். கருடன் துணைக்கு இருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கறைக்கு அடியில் விரித்த சிறகு தெரிந்தது. அது 4-வது இந்திய டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் சின்னமான சிவப்புக் கழுகு. படத்தின் பின்பக்கம் பென்சிலில், தமிழில், "12 கம்பெனி" என்று இருந்தது. அந்த டிவிஷனோடு மூன்று சாப்பர் ஃபீல்டு கம்பெனிகள் போயின. பெங்காலிலிருந்து 4, பம்பாயிலிருந்து 21, நம் மெட்ராஸிலிருந்து 12.

மரப்பாச்சிக்குச் சேலையாகச் சுற்றி விளையாடிய இரண்டு ரிப்பன்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே. ஒன்று மணல் நிறம், நடுவில் சிவப்பு, பக்கத்துக்கு ஒன்றாகக் கருநீலமும் வெளிர்நீலமும். அது ஆப்பிரிக்கா ஸ்டார் மெடலின் ரிப்பன். பாலைவனத்துக்கு மணல் நிறம், தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்கும் விமானப்படைக்கும் அந்த இரண்டு நீலமும். இன்னொன்று சிவப்பு, வெள்ளை, பச்சை, திரும்ப வெள்ளை, சிவப்பு. அது இத்தாலி ஸ்டார். இத்தாலி நாட்டுக் கொடியின் நிறங்கள். தாத்தா கடல் தாண்டி எங்கெல்லாம் போனார் என்பதற்கான சாட்சி உங்கள் மரப்பாச்சியின் இடுப்பில் இருந்திருக்கிறது.

எந்தக் கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்தது என்று அன்றாடம் எழுதி வைத்த வார் டயரிகள் லண்டன் பக்கத்தில் கியூ என்ற இடத்தில், அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நண்பர் மகள் ஒருத்தி அங்கே படிக்கிறாள். அவள் போய்ப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். சாதாரண சாப்பர்களின் பெயர் அதில் வராது. ஆனால் நாளும் இடமும் வேலையும் வரும். அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் தாத்தாவின் தடி ஞாபகம் வந்தது.

மழை பெய்து மண் இளகினால் தாத்தா கேழ்வரகுக் கொல்லைக்குள் நேராகக் கால் வைக்க மாட்டார். தடியின் நுனியால் சாய்வாக, மெதுவாக, ஒரு சாண் இடைவெளியில் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பார். நாம் பின்னாலேயே, அவர் கால் பட்ட இடத்திலேயே கால் வைத்து வர வேண்டும். தாண்டிக் குதித்தால் அடி விழும். பாம்புப் பொந்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தோம். கண்ணிவெடியை மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். அதனால் துப்பாக்கி முனைக் கத்தியான பயோனெட்டைச் செங்குத்தாக இறக்கக் கூடாது, சாய்த்துக் குத்த வேண்டும். இரும்பு இடித்தால் நிறுத்தி, சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்க வேண்டும். ஜெர்மானியர்கள் மரப்பெட்டிக்குள்ளும் வெடி வைத்துப் புதைத்தார்கள். இரும்பைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு அது அகப்படாது. அப்போது கைதான் கருவி. எகிப்தில் எல் அலமெய்ன் பாலைவனத்தில் மட்டும் புதைத்த கண்ணிவெடிகள் லட்சக்கணக்கில். அங்கே கை பழகியதை நம் கொல்லையிலும் அந்தக் கை விடவில்லை.

அந்த ரோட்டுக்கு வருகிறேன். இத்தாலியில் காசினோ என்று ஓர் ஊர். அதன் மேலே மலை, மலை உச்சியில் மடாலயம். 1944 பிப்ரவரி 15-ஆம் தேதி விமானங்கள் குண்டு போட்டு அதை இடித்தன. இடிந்த பிறகும் ஜெர்மானியர்கள் மலையை விடவில்லை. எதிரே நம் 4-வது டிவிஷன். மலைக்குப் பின்பக்கமாக ஓர் ஆட்டுத்தடம் இருந்தது. அதை டேங்க் ஏறுகிற அளவுக்கு அகலப்படுத்த வேண்டும், எதிரிக்குத் தெரியவும் கூடாது. நம் டிவிஷன் சாப்பர்களும் நியூசிலாந்து என்ஜினீயர்களும் சேர்ந்து, மழையிலும் குளிரிலும் பாறையைப் பிளந்து அந்தப் பாதையை வெட்டினார்கள். அதற்குப் பெயர் கேவண்டிஷ் ரோடு. மார்ச் 19-ஆம் தேதி காலையில் அதன் வழியாக டேங்குகள் ஏறின. அந்தப் பக்கமிருந்து டேங்க் வரும் என்று ஜெர்மானியர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கூடப் போகக் காலாட்படை இல்லாததால் அன்றைய தாக்குதல் தோற்றது. ரோடு தோற்கவில்லை.

அதே பிப்ரவரி 24-ஆம் தேதி, காசினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோவில், இதே டிவிஷனின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். அவரும் மெட்ராஸ் சாப்பர். கூட வந்தவரின் காலடியில் ஒரு வெடி இயங்கியது. சில வினாடிதான் நேரம். அவர் ஓடவில்லை, அதன் மேல் விழுந்து உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பின் அவருக்கு வீரத்துக்கான உயர்ந்த பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். கடப்பாரை பிடித்த படையில் ஒருவர் அவர், அத்தை. பந்தியில் அந்த வார்த்தையைச் சொன்னவர் இன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர் வீட்டுக்கே போய் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.

தாத்தா புறப்பட்டபோது மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1941-இல் போரைச் சொல்லி அதை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்த 1946-இல் ரயிலும் இல்லை, அவரைத் தெரிந்த குழந்தையும் இல்லை. ஐந்து வயது நீங்கள் யாரோ வந்திருக்கிறார் என்று குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாக ஆயா சொல்வார். பொழுது சாய்கிறவரை தாத்தா கூப்பிடவும் இல்லை, இழுக்கவும் இல்லையாம். குதிருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாராம். அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதை மட்டும் ஆயா சொன்னதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாட்டுப் பொங்கலுக்கு வருகிறேன். போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறேன், குங்குமக் கறையைத் துடைக்காமல். மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கப் போவதாகத் தம்பி சொன்னான். எறவானத்தில் செருகியிருக்கும் அந்தத் தடியை அதற்கு முன்னால் எடுத்து வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். மரப்பாச்சியையும் தேடி வையுங்கள்.

உங்கள் தம்பி மகன்