ஆல்-ஸ்டார் வரலாற்றில் 1964 விடுபடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திர வீரர்கள் ஆண்டுதோறும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் வரலாறு பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். யார் எத்தனை புள்ளி எடுத்தார், எந்த ஆண்டு எந்த விதி மாறியது என்பதெல்லாம் நன்றாகவே தொகுக்கப்பட்டிருந்தது. ஆனால் 1962இல் வில்ட் சேம்பர்லின் எடுத்த 42 புள்ளிகளைச் சொல்லிவிட்டு, கட்டுரை நேராக, எகிறிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் அமுக்கும் டங்க் போட்டிகளுக்குத் தாவிவிட்டது. இடையில், வீரர்கள் ஓய்வூதியம் கேட்டு ஆட மறுத்த 1964 ஜனவரி 14 இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தொழிற்சங்க வேலையிலேயே காலத்தைக் கழித்தவன். அந்த ஒரு வரி இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

1951இலிருந்தே வருகிறேன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் நியூயார்க் கல்லூரி அணிகளின் ஊழல் வெடித்தது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியிருந்தார்கள். கூடைப்பந்து என்றாலே மக்கள் முகம் சுளித்த நேரம் அது. போன நம்பிக்கையை எப்படி மீட்பது என்று யோசித்தபோது, பேஸ்பாலில் நடப்பதுபோல நட்சத்திர வீரர்களை மட்டும் வைத்து ஓர் ஆட்டம் நடத்தலாம் என்றார் லீக்கின் விளம்பரப் பொறுப்பாளர் ஹாஸ்கெல் கோஹன். தலைவர் மாரிஸ் பொடோலாஃபுக்குத் தயக்கம். பாஸ்டன் செல்டிக்ஸ் முதலாளி வால்டர் பிரவுன்தான் துணிந்து முன்வந்தார். அரங்கு தருகிறேன், நஷ்டம் வந்தால் அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். மார்ச் 2ஆம் தேதி பாஸ்டன் கார்டனில் 10,094 பேர் கூடினார்கள். வழக்கமான லீக் ஆட்டத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டம் வந்தாலே பெரிது என்றிருந்த காலம். லீக்கின் கிழக்குப் பிரிவு நட்சத்திரங்களும் மேற்குப் பிரிவு நட்சத்திரங்களும் மோதியதில் கிழக்கு அணி 111–94 என்று வென்றது. செல்டிக்ஸின் எட் மெக்காலி 20 புள்ளி எடுத்ததோடு, அன்றைய பெரிய பெயரான ஜார்ஜ் மைக்கனை 17 எறிதல்களில் நான்கு கூடையோடு நிறுத்திவைத்தார்.

பிரவுன் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், நிறம் பார்க்காமல் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்து, என்.பி.ஏ. அணியொன்று தேர்வு செய்த முதல் கறுப்பின வீரராக அவரை ஆக்கினார். 1953இல் டான் பார்க்ஸ்டேல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். பிரவுனைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த முதல் ஆட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே அரங்கில், அதே முதலாளியின் கண்ணெதிரேதான் இன்னொரு கதை நடந்தது.

வீரர்கள் சங்கத்தை செல்டிக்ஸ் வீரர் பாப் கூசி 1954இலேயே தொடங்கிவிட்டார். முதலாளிகள் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பத்து ஆண்டாக ஓய்வூதியம் கேட்டும், பார்க்கலாம், பேசலாம் என்ற பதில்தான். இன்றைய கோடிகளை மனதில் வைத்து அன்றைய வீரரைப் பார்க்கக் கூடாது. 1964இல் சங்கத் தலைவராக இருந்தவர் செல்டிக்ஸ் வீரர் டாம் ஹெய்ன்சன். தொடர்ந்து பட்டம் வென்றுகொண்டிருந்த அணியின் முக்கிய ஆட்டக்காரரான அவரே, ஆட்டமில்லாத மாதங்களில் காப்பீடு விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினார்.

1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில் கடும் பனிப்புயல். வீரர்கள் தட்டுத்தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சி முதன்முறையாக மாலை முக்கிய நேரத்தில் நாடு முழுக்க ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஒளிபரப்பக் காத்திருந்தது. கிழக்கில் பத்து பேர், மேற்கில் பத்து பேர். இருபது பேரும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு உறுதி தந்தால்தான் ஆடுகளத்துக்கு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பில் ரஸல், சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர், பாப் பெட்டிட், லென்னி வில்கின்ஸ். எல்லோருக்கும் ஒரே துணிச்சல் இருந்தது என்று நான் கதை விடமாட்டேன். சிலர் தயங்கினார்கள், முதலில் ஆடிவிட்டுப் பிறகு பேசலாம் என்ற குரலும் எழுந்தது. எந்த வேலைநிறுத்தத்துக்கு முந்தைய கூட்டத்திலும் அந்தக் குரல் எழும். நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

தயங்கியவர்களை உறுதியாக்கியது ஒரு முதலாளியின் மிரட்டல்தான். லேக்கர்ஸ் முதலாளி பாப் ஷார்ட், தன் வீரர்களான பெய்லரும் வெஸ்டும் உடனே வெளியே வர வேண்டும் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். பெய்லர் அதே சூட்டோடு பதில் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு யாரும் அசையவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் ஒருபக்கம் நெருக்க, லீக் தலைவர் வால்டர் கென்னடி தானே அந்த அறைக்குப் போய், ஓய்வூதியத்துக்குத் தான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த வாக்கை நம்பி இருபது பேரும் களமிறங்கினார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. ராபர்ட்சன் 26 புள்ளி எடுத்து ஆட்ட நாயகனானார், கிழக்கு 111–107 என்று வென்றது. பிரவுனோ, தன் அணி வீரரான ஹெய்ன்சன் மீது பொது வெளியிலேயே கடுங்கோபத்தைக் காட்டினார். 1951இல் எல்லோருக்கும் முன்னால் கை நீட்டி உதவிய மனிதர், வீரர்கள் உரிமை என்று கேட்டபோது அதைத் துரோகமாகப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தும் போனார்.

ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தை மதிக்காமல் இனி லீக் நடத்த முடியாது என்றும் ஆனது. அடுத்துச் சங்கத் தலைவரான ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்து, வீரர்கள் அணி மாறும் உரிமைக்கு வழி திறந்தது. இன்றைய சம்பளங்களின் வேர் அங்கே இருக்கிறது. பாஸ்டனில் அந்த இருபது பேர் மிரட்டலுக்குப் பணிந்து ஆடப் போயிருந்தால் ராபர்ட்சனின் வழக்குக்குப் பின்னால் நிற்க ஒரு சங்கம் இருந்திருக்குமா என்றே நான் கேட்பேன்.

உங்கள் கட்டுரை கடைசியில், இப்போதைய ஆட்டத்தில் யாரும் தடுத்து ஆடுவதில்லை என்று வருத்தப்படுகிறது. நியாயமான வருத்தம். 2024இல் இண்டியானாபோலிஸில் கிழக்கு 211, மேற்கு 186. ஒரே அணி 200ஐத் தாண்டியது அதுவே முதல்முறை. அந்த ஆட்டத்தை முழுதும் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. 2018இல் அணித்தலைவர்களே ஆள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது, 2025இல் நான்கு அணிக் குறும்போட்டி, 2026இல் அமெரிக்கர்கள் இரண்டு அணி, பிற நாட்டார் ஓர் அணி. இப்படி ஆண்டுக்கொரு விதி மாற்றினால் நோய் தீரும் என்று நான் நம்பவில்லை.

ஆட்டம் உயிரோடு இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், களத்தில் நின்றவர்களுக்குச் சொந்தமாக ஏதோ ஒன்று பணயத்தில் இருந்தது தெரிகிறது. 1992 ஆர்லாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்று என்று அறிவித்து ஓய்வு பெற்ற மேஜிக் ஜான்சனை ரசிகர்கள் வாக்களித்து வரவழைத்தார்கள். அவர் ஆடக் கூடாது என்று சக வீரர்கள் சிலரே சொன்னார்கள். டிம் ஹார்டவே, தொடக்க ஐவரில் தனக்கிருந்த இடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தார். கடைசி நிமிடங்களில் ஐசையா தாமஸும் மைக்கேல் ஜோர்டனும் மாறி மாறி அவர் எதிரில் ஒற்றைக்கு ஒற்றையாக நின்று ஆடினார்கள். தாமஸின் தலைக்கு மேலே மேஜிக் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடைக்குள் விழுந்ததும், கடிகாரத்தில் இன்னும் 14.5 வினாடி இருக்கையிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டு எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். தொட்டால் ஒட்டும் என்று உலகம் பயந்த காலத்தில், வியர்வை வழியும் உடம்போடு அந்த அணைப்பு. எத்தனை பிரசாரம் செய்தாலும் அதற்கு ஈடாகாது.

2001இல் வாஷிங்டனில் கிழக்கு அணியின் உயரம் குறைந்தவர்களை யாரும் மதிக்கவில்லை. ஒன்பது நிமிடம் இருக்கும்போது 21 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஆலன் ஐவர்சன் இழுத்துக்கொண்டு வர, கடைசி நிமிடத்தில் ஸ்டெஃபன் மார்பரி மூன்று புள்ளிப் பந்துகள் இரண்டைப் போட, 111–110 என்று வென்றார்கள். (1951, 1964, 2001 மூன்றிலும் கிழக்குக்கு 111. தற்செயல்தான், ஆனால் எழுதும்போது கண்ணில் பட்டது.) 2020 சிகாகோவில் ஆட்டம் நடந்தபோது கோபி பிரையன்ட் மறைந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. கடைசிக் கால்பகுதிக்குக் கடிகாரத்தை எடுத்துவிட்டு, அவருடைய சட்டை எண் 24ஐ முன்னிலைப் புள்ளியோடு கூட்டி, 157ஐ இலக்காக வைத்தார்கள்; அதை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. உடம்பைக் கொடுத்துத் தடுத்து ஆடினார்கள். 157–155. அந்த இலக்கு முறையைப் பிறகும் வைத்துப் பார்த்தார்கள், அந்த வேகம் திரும்பவில்லை. ஆக, அன்று வேலை செய்தது விதி அல்ல.

இதையெல்லாம் எழுதக் காரணம் மைக்கன். முதல் ஆட்டத்தின் பெரிய நட்சத்திரம் என்று உங்கள் கட்டுரை அவரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. 1965க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அந்த ஓய்வூதியத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்படவில்லை. பிறகு கிடைத்ததும் சொற்பம். நீரிழிவில் ஒரு காலை இழந்து, சிறுநீரகமும் பழுதாகி, தன்னைப் போன்ற பழைய வீரர்களுக்கு ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லி மைக்கன் கடைசிவரை போராடினார். 2005 ஜூனில் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவை ஏற்க ஷகில் ஓ'நீல் முன்வந்தார். லீக்கைத் தூக்கி நிறுத்திய மனிதருக்கு அந்த நிலை.

அடுத்த பிப்ரவரியில் நீங்கள் மறுபடி இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதத்தான் போகிறீர்கள். டங்க் போட்டிக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை 1964க்கும், மைக்கன் தலைமுறையின் ஓய்வூதியக் கதைக்கும் தயவுசெய்து ஒதுக்குங்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்த இருபது பேரின் பெயரையும் விடாமல் அச்சிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி